சதயம் எவ்வளவு தூரம்?

திருக்கார்த்திகையிலிருந்து எண்ணி 21ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடுகிற இரவில், செட்டிநாட்டு வீடுகளில் பிள்ளையார் நோன்பு. புது வேட்டியிலிருந்து எடுத்த 21 நூல் இழைகளைத் திரியாக்கி, மாவில் பிடித்த சின்னப் பிள்ளையாரின் மேல் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் வயது வரிசையில் ஒவ்வொருவருக்காகக் கொடுப்பார். சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் எனக்கு அந்தச் சுடர் மேல் பயம். என் முறையைத் தள்ளிப்போட ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பேன். அப்படி ஒரு வருஷம் கேட்டதுதான், "ஐயா, சதயம் எது?"

ஐயா கையில் இழையோடு முற்றத்து வானத்தை அண்ணாந்து பார்த்தார். மேற்கே சாய்ந்த சஷ்டி நிலா ஓட்டுக்கூரை விளிம்புக்கு மேலே நின்றது. "இன்னைக்கு நிலாவுக்குப் பக்கத்துலதான் இருக்கணும் ராசா. எதுன்னு எனக்குத் தெரியாது" என்றார். அப்பத்தாவுக்கும் தெரியவில்லை. நாட்காட்டியில் சதயம் எத்தனை நாழிகை வரை என்று சொல்லத் தெரிந்தவர்கள் அந்த வளவில் பத்துப் பேராவது இருந்தார்கள். அதை வானத்தில் காட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

பிறகு பல வருஷம் கழித்து நானே தேடிக் கண்டுபிடித்தேன். கும்ப ராசியில் மங்கலாக இருக்கும் ஒரு செந்நிற நட்சத்திரம். நிலா வெளிச்சத்தில் எளிதாகக் கண்ணில் படாது. அதன் ஒளி நம்மை வந்து சேர 350 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பக்கத்தில் நிற்கும் நிலாவின் ஒளிக்கு 1.3 விநாடி போதும். ஒட்டி நிற்பதுபோல் தெரியும் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் அவ்வளவு. 'கூடுகிறது' என்று நாம் சொல்வது நம் கண்ணில் நடக்கும் கூடல்.

வானத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் இங்கேயிருந்துதான் தொடங்குகிறேன். மனிதக் கண்ணுக்கு வானம் ஒரு தட்டையான கூரை. நிலா, செவ்வாய், சதயம் எல்லாம் ஒரே துணியில் தைத்த சம்கி போலத்தான் தெரியும். அந்தக் கூரைக்குப் பின்னால் ஆழம் இருக்கிறது என்று கண்டுபிடித்ததும், அந்த ஆழத்தை அடி அடியாக அளந்ததும்தான் வானியலின் கதை. அளந்தவர்களில் எவரும் பூமியை விட்டு ஓரடி நகர்ந்ததில்லை.

முதலில் அந்த ஆழத்தைக் கையில் பிடிக்கிற அளவுக்குச் சுருக்கிப் பார்ப்போம். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் புழக்கடை வாசல். முகப்பில் ஒன்றே முக்கால் அடி அகலத்தில் ஓர் அண்டாவை வைத்து, அதுதான் சூரியன் என்று கொள்ளுங்கள். அந்த அளவில் பூமி ஒரு மிளகு. அந்த மிளகை எங்கே வைப்பது? பட்டாலையைத் தாண்டி, வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டையும் தாண்டி, சுமார் 59 மீட்டர் தள்ளி. அனேகமாக அடுப்படிப் பக்கம் வந்துவிடும். மிளகிலிருந்து அரையடியில் ஒரு கடுகு, அது நிலா. மனிதன் தன் உடம்போடு போய்க் கால் பதித்துத் திரும்பிய அதிகபட்ச தூரம் அந்த அரையடிதான். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 போய் இறங்கியதும் அந்தக் கடுகில்தான்.

வியாழன் ஓர் எலுமிச்சம்பழம். அது வீட்டுக்குள் அடங்காது, 300 மீட்டர் தள்ளித் தெருவில் கிடக்கும். கடைசிக் கோளான நெப்டியூன் ஒரு நெல்லிக்காய். அண்டாவிலிருந்து ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தொலைவில், ஊருக்கு வெளியே பொட்டலில். இவ்வளவு இடத்திலும் ஓர் அண்டா, ஓர் எலுமிச்சை, மிளகு, கடுகு என்று சில சாமான்கள். மற்றதெல்லாம் வெறும் வெளி.

இந்தக் கணக்கில் என்னை மிகவும் உலுக்கியது ஒளியின் வேகம். நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோம். இந்த வீட்டுக்குள் அது நொடிக்கு 12 சென்டிமீட்டர். தவழ்கிற குழந்தை அதைவிட வேகமாகப் போகும். முகப்பு அண்டாவிலிருந்து புறப்பட்ட ஒளி, வளவுத் தூண்களை ஒவ்வொன்றாகக் கடந்து அடுப்படி மிளகுக்கு வந்து சேர 8 நிமிஷம் 20 விநாடி ஆகும். உலகத்தில் இதற்கு மேல் வேகமாக எதுவும் போக முடியாது என்பது இயற்கையின் விதி. அந்த உச்ச வேகமே இந்த வீட்டில் தவழ்கிறது என்றால் வெளி எவ்வளவு பெரிது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாயேஜர்-1 விண்கலம் 1977 செப்டம்பர் 5ஆம் தேதி கிளம்பியது. நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மனிதன் செய்த பொருள்களில் அதுதான் ஆகத் தொலைவில் இருப்பது. நம் கணக்கில் அது ஒரு நாளைக்கு இரண்டு அடியை ஒட்டி நகர்கிறது. இந்த ஏறக்குறைய அரை நூற்றாண்டில் வீட்டிலிருந்து 10 கிலோமீட்டர் போயிருக்கிறது. கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடி 14 கிலோமீட்டர் போல. அதாவது, பள்ளத்தூரைத் தாண்டிவிட்டது, காரைக்குடிக்குள் இன்னும் நுழையவில்லை.

அடுத்த நட்சத்திரம் எங்கே? பிராக்ஸிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு. அதாவது, ஒளியே அங்கிருந்து வந்து சேர 4.24 ஆண்டு ஆகும். நம் அளவில் அது ஒரு சாத்துக்குடி. ஆனால் இருக்குமிடம் 15,700 கிலோமீட்டர் தாண்டி. காரைக்குடியிலிருந்து சென்னைக்கு இருபது முறை போய்த் திரும்பினால் அவ்வளவு தூரம் வரும். வாயேஜர் அந்தப் பக்கம் போகவில்லை. போனாலும் அதே வேகத்தில் சுமார் 75,000 ஆண்டு ஆகும்.

சரி, யாரும் போகாத இடத்தின் தூரத்தை எப்படி அளந்தார்கள்? வளவில் நின்று செய்து பார்க்கக்கூடிய காரியம்தான். கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிர்ப்பக்கத் தூண் ஒன்றை விரலால் மறையுங்கள். இப்போது அந்தக் கண்ணைத் திறந்து மறு கண்ணை மூடுங்கள். விரல் பக்கத்துத் தூணுக்குத் தாவிவிடும். விரலை மூக்குக்கிட்டே கொண்டுவந்தால் தாவல் பெரிது, தள்ளிக்கொண்டு போனால் சிறிது. இரண்டு கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் தாவிய கோணமும் தெரிந்தால் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். விரல் வரைக்கும் நீங்கள் நகரவே வேண்டாம்.

நட்சத்திரங்களுக்கு இரு கண்ணின் இடைவெளி போதாது. பூமியின் பாதை முழுவதையும் இடைவெளியாக எடுத்துக்கொண்டார்கள். தை மாதம் ஒரு முறை பார்ப்பது, ஆடி மாதம் இன்னொரு முறை பார்ப்பது. ஆறு மாதத்தில் பூமி சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விடும். இரு இடத்துக்கும் நடுவில் 30 கோடி கிலோமீட்டர். ஆனாலும் நட்சத்திரம் எதுவும் அசைந்தபாடில்லை. பூமி நகரவே இல்லை என்று வாதாடியவர்கள் இதைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள். அவர்களிடம் நியாயம் இருந்தது. நட்சத்திரங்கள் அசையத்தான் செய்தன. கண்ணுக்குத் தட்டுப்படாத அளவுக்கு.

அந்த அசைவை முதன்முதலில் நம்பும்படி அளந்தவர் ஜெர்மானியரான பிரீட்ரிக் பெசல். அவர் கதை செட்டிநாட்டுக்காரர்களுக்கு நெருக்கமானது என்று எனக்குத் தோன்றும். 14 வயதில் பிரேமன் துறைமுகத்தில் ஓர் ஏற்றுமதி இறக்குமதிக் கடையில் தொழில் பழகச் சேர்ந்த பையன் அவர். ஏழு வருஷ ஒப்பந்தம். நம் ஊரிலிருந்து கொண்டுவிற்கப் போன பெட்டியடிப் பையன்கள் பேரேடு எழுதப் பழகிய அதே வயது. கப்பல் சரக்கோடு தானும் போக ஆசைப்பட்டு, நடுக்கடலில் கப்பல் இருக்குமிடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று படிக்கத் தொடங்கினார். அது வானத்தில் கொண்டுபோய் விட்டது. 1838இல், 61 சிக்னி என்ற மங்கலான நட்சத்திரத்தின் கோணத்தை அளந்து முடித்தார். அந்தக் கோணம் எவ்வளவு? காரைக்குடியில் ஒருவர் ஒரு ரூபாய் நாணயத்தைத் தூக்கிப் பிடிக்க, கானாடுகாத்தானிலிருந்து அதைப் பார்த்தால் நாணயத்தின் அகலம் எவ்வளவு தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவு. அதை வைத்து அந்த நட்சத்திரம் சுமார் 10 ஒளியாண்டு தூரம் என்றார். இன்றைய அளவு 11.4. வாணிபக் கடையில் சல்லிக்காசு பிசகாமல் கணக்கெழுதிப் பழகிய கையின் நிதானம் அந்த அளவையில் இருக்கிறது.

ஆனால் பெசலின் கணக்குக்கு அடியில் இன்னொரு எண் வேண்டும்: பூமியிலிருந்து சூரியன் எவ்வளவு தூரம்? அது தெரியாவிட்டால் அந்த 30 கோடி கிலோமீட்டரும் தெரியாது. அதைத் தேடி வந்த ஒருவர் நம் கடற்கரையிலேயே வந்து நின்றார். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்துபோவதைப் பூமியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து பார்த்தால், அதே கட்டைவிரல் வித்தையில் சூரியனின் தூரம் கிடைத்துவிடும். நூற்றாண்டுக் கணக்கில் காத்திருந்தால் எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு முறை வருகிற காட்சி அது. 1761ஆம் ஆண்டுக் காட்சிக்காக பிரெஞ்சுக்காரரான லெ ஜென்டீல், புதுச்சேரியை நோக்கி 1760இல் கப்பலேறினார். அதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கரையிறங்க முடியவில்லை. ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடுகிற கப்பலில் இருந்தார். அங்கிருந்து பார்க்கலாம், அளக்க முடியாது.

ஊர் திரும்பாமல் எட்டு வருஷம் இந்தப் பக்கமே தங்கிவிட்டார். அடுத்த காட்சி 1769இல். இந்த முறை புதுச்சேரியில் இறங்கி, இடம் பார்த்து, கருவிகளைப் பொருத்திக் காத்திருந்தார். ஜூன் 4 காலை வரைக்கும் நல்ல வானம். அந்தக் காலையில், வெள்ளி கடக்கிற நேரத்தில், மேகம் வந்து மூடிக்கொண்டது. காட்சி முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771இல் அவர் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தபோது, இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி உறவினர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு இடங்களில் பார்த்தவர்களின் அளவுகளைச் சேர்த்துப் பாரிஸில் லலாந்து கணக்கிட்டதில் 15.3 கோடி கிலோமீட்டர் என்று வந்தது. இன்று நமக்குத் தெரிந்தது 14.96 கோடி. லெ ஜென்டீலின் கையிலிருந்து அந்தக் கணக்குக்கு ஓர் எண்கூடப் போகவில்லை.

எனக்கு அவரைப் பிடிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. புதுச்சேரியில் காத்திருந்த நாள்களில் அவர் சும்மா இருக்கவில்லை. இங்கே கிரகணம் கணிப்பவர்களிடம் உட்கார்ந்து அவர்களுடைய முறையைக் கற்றுக்கொண்டார். தமிழ்க் கணிப்பாளர்கள் காகிதத்தில் எழுதிப் போடாமல், சோழிகளைத் தரையில் பரப்பி, வாய்ப்பாடுகளை மனத்திலிருந்து சொல்லிக் கணக்குப் போட்டார்கள். 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதி சந்திரகிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை அந்த முறையில் கணித்ததில் 41 விநாடி குறைந்தது. அன்று ஐரோப்பாவில் பெயர்பெற்ற மேயரின் அட்டவணை 68 விநாடி கூடுதலாகச் சொன்னது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். 1825இல் ஜான் வாரன் என்பவரும் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் இப்படிச் சோழி வைத்துக் கிரகணம் கணித்ததைப் பதிந்திருக்கிறார். அந்தப் பஞ்சாங்கக்காரர்களின் வாரிசுகள் கணித்த நாள்காட்டியை வைத்துத்தான் எங்கள் வீட்டில் சதயம் பார்த்தோம். கணக்கு கைமாறி வந்தது. அண்ணாந்து பார்க்கிற பழக்கம் மட்டும் எங்கோ நடுவில் விட்டுப்போனது. அது எனக்கு இன்றைக்கும் மனசில் உறுத்துகிற விஷயம்.

கட்டைவிரல் வித்தைக்கும் ஓர் எல்லை உண்டு. தூரம் கூடக் கூடக் கோணம் சுருங்கி, கடைசியில் எந்தக் கருவிக்கும் பிடிபடாது. அதற்கு அப்பால் அளக்க விளக்குகள் தேவைப்பட்டன. திருக்கார்த்திகை அன்று ஊருணிக் கரை நெடுக அகல் ஏற்றியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே அளவு அகல், ஒரே எண்ணெய், ஒரே திரி. இருந்தும் அக்கரை விளக்கு மங்கலாகத் தெரியும். இரண்டு மடங்கு தூரத்து விளக்கு கால் பங்கு வெளிச்சம்தான் தரும், மூன்று மடங்கு தூரத்து விளக்கு ஒன்பதில் ஒரு பங்கு. எல்லா அகலும் ஒன்றுதான் என்று தெரிந்திருந்தால் மங்கலை வைத்தே தூரத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் நட்சத்திரங்கள் ஒரே அளவு அகல்கள் இல்லையே. பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கா, தூரத்தில் இருக்கும் பெரிய விளக்கா என்று எப்படிப் பிரிப்பது?

இதற்கு வழி சொன்னவர் ஹென்ரியட்டா லீவிட். ஹார்வர்டு வானாய்வகத்தில், சொற்பச் சம்பளத்துக்குக் கண்ணாடித் தகடுகளில் பதிந்த நட்சத்திரப் படங்களைப் பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. காது சரியாகக் கேட்காது. மெகல்லன் மேகங்கள் என்ற இரு கூட்டங்களில் மட்டும் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்கள் 1,777ஐ அவர் பட்டியலிட்டார். அவற்றில் ஒரு வகை, நாடித் துடிப்பு போல ஒழுங்காகப் பிரகாசித்து மங்கும். எவ்வளவு நிதானமாகத் துடிக்கிறதோ அவ்வளவு பெரிய விளக்கு என்பதை 25 நட்சத்திரங்களை வைத்து 1912இல் காட்டினார். துடிப்பை எண்ணினால் விளக்கின் உண்மைப் பிரகாசம் தெரியும். அது தெரிந்தால் மங்கலை வைத்துத் தூரம் தெரியும். இந்த ஒரு வரிதான் பிரபஞ்சத்தின் கதவைத் திறந்தது. அவர் 1921இல் புற்றுநோயில் இறந்துபோனார். அந்தக் கதவு திறந்ததைப் பார்க்க அவர் இல்லை.

1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலையிலிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமெடா என்ற மங்கலான புகைத் திட்டைப் படம் பிடித்தபோது, அதற்குள் லீவிட்டின் துடிக்கும் விளக்கு ஒன்று அகப்பட்டது. கணக்குப் போட்டதில் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. அதுவரை, நம் சூரியனும் அடங்கிய நட்சத்திரக் கூட்டமான பால்வெளி மண்டலம்தான் பிரபஞ்சம் முழுவதும் என்று நம்பியவர்கள் பலர். பால்வெளியின் அகலமோ ஏறக்குறைய ஒரு லட்சம் ஒளியாண்டு. ஆண்ட்ரோமெடா இதற்குள் அடங்காது. அது தனி நாடு. செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பலவும் பர்மாத் தேக்கில் எழுந்த அதே தலைமுறையில், பிரபஞ்சம் ஒரு மண்டலத்திலிருந்து பல கோடி மண்டலங்களாக விரிந்துவிட்டது.

அந்த 9 லட்சமும் தப்புத்தான். துடிக்கும் விளக்குகளில் இரண்டு ரகம் இருப்பதைப் பாடே என்பவர் கண்டுபிடித்து 1952இல் அறிவித்தார். தூரம் ஒரே வருஷத்தில் இரட்டித்தது. இன்றைய கணக்கு 25 லட்சம் ஒளியாண்டு. தன் கணக்கில் பிழை இருப்பதைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்கிற இந்தப் பழக்கத்துக்காகவே நான் இந்த அறிவியலை நம்புகிறேன்.

ஆண்ட்ரோமெடாவைப் பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. கார்த்திகை மாதத்தில், அமாவாசையை ஒட்டிய நாளில், இரவு எட்டு மணிவாக்கில் தெருவிளக்கு இல்லாத கண்மாய்க் கரைக்குப் போய் வடக்கே உயரத்தில் பாருங்கள். விரல் பட்டுக் கலைந்த விபூதிக் கீற்று போல ஒன்று தெரியும். வெறுங்கண்ணால் நாம் எளிதாகப் பார்க்கக்கூடியவற்றில் ஆகத் தொலைவானது அதுதான். அந்த ஒளி புறப்பட்டு 25 லட்சம் ஆண்டு ஆகிறது. சென்னைக்கு மேற்கே அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் வயது. அதைச் செதுக்கிய கை பிறப்பதற்கும் 10 லட்சம் ஆண்டு முன்பே அந்த ஒளி கிளம்பிவிட்டது.

இனி நம் மிளகு வீடு போதாது. சூரியன் முதல் நெப்டியூன் வரைக்கும் ஊரெல்லை தாண்டிக் கிடந்த அத்தனையையும் மறுபடி ஒரே மிளகாகச் சுருக்குங்கள். இப்போது பக்கத்து நட்சத்திரம் 22 மீட்டரில் இருக்கும். பால்வெளி மண்டலம் கன்னியாகுமரியிலிருந்து கிட்டத்தட்ட வேலூர் வரை பரவும். அதில் இருக்கும் நட்சத்திரங்கள் குறைந்தது 10,000 கோடி. நொடிக்கு ஒன்றாக எண்ணினால் 3,000 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆண்ட்ரோமெடா, பூமியின் விட்டம் அளவு தூரத்தில். நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் விளிம்பு எங்கே? 24 கோடி கிலோமீட்டர். உண்மையான சூரியன் இருக்கிற தூரத்தையும் தாண்டி. ஒரு மிளகில் சூரிய குடும்பத்தையே அடக்கிய பிறகும் இவ்வளவு.

பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. அப்படியானால் விளிம்பு 1,380 கோடி ஒளியாண்டில்தானே இருக்க வேண்டும், 4,650 கோடி என்கிறார்களே என்று கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். ஒளி நடந்து வருகிற நேரத்தில் தரையே நீண்டுகொண்டிருந்தது என்பதுதான் பதில். வாசலில் சாண் இடைவெளியில் வைத்த கோலப்புள்ளிகளை நினையுங்கள். தரை நீண்டு எல்லா இடைவெளியும் இரண்டு சாணாகிறது. அடுத்த புள்ளி ஒரு சாண் விலகியிருக்கும். ஐந்தாவது புள்ளி ஐந்து சாண் விலகியிருக்கும். தூரத்தில் இருப்பது கூடுதல் வேகத்தில் விலகும். எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் தானே நடுவில் நிற்பதாகத் தோன்றும். 1929இல் ஹபிள் அளந்து காட்டியது இந்த ஒழுங்கைத்தான்.

2003 செப்டம்பர் முதல் சில மாதங்கள், அவர் பெயர் தாங்கிய விண்வெளித் தொலைநோக்கியை வானத்தில் இருட்டாகத் தெரிந்த ஒரு துளி இடத்தின் மேல் திருப்பி வைத்தார்கள். கையை நீட்டி ஓர் ஊசியைப் பிடித்தால் அதன் காது வழியே எவ்வளவு வானம் தெரியுமோ அவ்வளவுதான் அந்த இடம். அதற்குள் சுமார் 10,000 மண்டலங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பல கோடிச் சூரியன்கள். அந்தப் படத்தை முதன்முதலில் பெரிதாக அச்சடித்துப் பார்த்த அன்று, எங்கள் வீட்டு முற்றத்து வானத்தில் எத்தனை ஊசிக்காதுகள் இருக்கும் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

தூரத்தைப் பார்ப்பது பழையதைப் பார்ப்பது. இதை விளக்க எனக்குச் சூத்திரம் தேவைப்பட்டதில்லை. எங்கள் வீட்டுத் தகரப்பெட்டி போதும். அதில் ஐயாவின் அப்பச்சி ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. கப்பலில் தபால் வருகிற காலம். கடிதத்தைப் பிரிக்கும்போது தெரிவது அவர் இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்பதல்ல, கடிதம் எழுதிய அன்று எப்படி இருந்தார் என்பது. அந்தப் பெட்டியில் ஒரு கடிதம், "உடம்பு சௌக்கியம், இங்கு மழை பலம்" என்று தொடங்குகிறது. அவர் தவறிவிட்ட தந்தி வந்து எட்டு நாள் கழித்து வந்த கடிதம் அது. அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை யாரும் படிக்க மனசில்லாமல் சாமி வீட்டில் வைத்துவிட்டார்களாம்.

நட்சத்திர ஒளி எல்லாமே அப்படிப்பட்ட கடிதம். 1987 பிப்ரவரியில், பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்ததை உலகம் பார்த்தது. அது வெடித்து 1,68,000 ஆண்டு ஆகியிருந்தது. கார்த்திகைப் பெண்களின் ஒளி நமக்கு வர சுமார் 440 ஆண்டு. திருமலை நாயக்கர் மதுரையில் பட்டமேறுவதற்கு முன்னே புறப்பட்டது. நம் மண்டலத்தின் நடுப்பகுதியிலிருந்து ஒளி வர 26,000 ஆண்டு. சிவகங்கைச் சீமையிலேயே கீழடியில் தோண்டியெடுத்த செங்கல் சுவர்களுக்குப் போனால் போகட்டும் என்று 2,600 வைத்தால், அதைப்போல் பத்து மடங்கு பழைய சேதி.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஜாதகத்தில் நட்சத்திரம் எழுதாத தமிழ்க் குடும்பம் குறைவு. திருவோணத்தின் ஒளி வர 17 ஆண்டு, சுவாதிக்கு 37, ரோகிணிக்கு 65, மகத்துக்கு 79, சித்திரைக்கு 250, கேட்டைக்கு 550 போல. சுவாதியில் பிறந்தவருக்கு 37 வயது நிறைகிற வருஷம், அவர் பிறந்த வருஷத்தில் அந்த நட்சத்திரத்திலிருந்து புறப்பட்ட ஒளி அவர் கண்ணில் வந்து விழும். என் அப்பத்தா மகம். 79ஐத் தாண்டி இருந்தார். அவர் இருந்தபோது எனக்கு இந்தக் கணக்கு தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் கையைப் பிடித்து மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பேன்.

இதையெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. கடலில் கப்பல் இருக்குமிடம் அறிய நட்சத்திரம் பார்த்தார்கள், இன்றைக்கு செல்போனில் வழி காட்டுகிற செயற்கைக்கோள்களுக்கும் அதே வானக் கணக்கு வேண்டும் என்று பதில் சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் லெ ஜென்டீல் பதினோரு வருஷம் வீடு திரும்பாமல் அலைந்தது அதற்காக இல்லை. ஒரு தூரம் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அப்புறம் எப்படிச் சும்மா இருப்பது? இதே அரிப்பு, சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரிக்கும் இருந்தது. 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்த அவர், 1874இல் வெள்ளி மறுபடி சூரியனைக் கடக்கப்போகிறது என்று இந்திய மொழிகளில் ஊர்மக்களுக்கு எடுத்துச் சொல்லப் புத்தகம் போட்டார். ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி, ஹபிள் அன்று மவுண்ட் வில்சனில் பயன்படுத்தியதற்குச் சற்றே சின்னது.

எங்கள் வீட்டில் அந்த ஆசை வேறு ஒரு வழியில் திரும்பி வந்திருக்கிறது. ரங்கூன் கடிதம் ஒன்றில் ஒரு வரி: "நோன்பன்று இங்கும் நிலா தெரிந்தது. அங்கும் பார்த்திருப்பீர்கள்." போன வருஷம் அதைப் படித்தபோதுதான் பொறி தட்டியது. கானாடுகாத்தானுக்கும் ரங்கூனுக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். இரண்டு இடத்திலும் ஒரே நொடியில் நிலாவைப் பார்த்திருந்தால், பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை வைத்துப் பார்க்கையில், நிலா ஒரே இடத்தில் இருந்திருக்காது. அது நின்ற உயரத்தைப் பொறுத்து, தன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல் வரை தள்ளித் தெரிந்திருக்கும். சதயம் மட்டும் இரண்டு ஊரிலும் இம்மியளவு நகராமல் அதே இடத்தில் நின்றிருக்கும். ரங்கூனில் ஒரு கண், கானாடுகாத்தானில் ஒரு கண். நடுவில் நீட்டிய கட்டைவிரலாக நிலா. 3,84,000 கிலோமீட்டர் என்ற எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டிய அத்தனையும் அந்தக் குடும்பத்திடம் இருந்தது.

இப்போது என் தங்கச்சி மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவனிடம் சொன்னதும், "அம்மான், ரங்கூனைவிட இது இன்னும் தூரம், நல்லா விழும்" என்றான். 2,900 கிலோமீட்டர் வருகிறது. இந்த வருஷ நோன்பன்று இங்கே இரவு 7 மணிக்கு, அங்கே 9.30 மணிக்கு, இரண்டு பேரும் நிலாவைப் பக்கத்து நட்சத்திரத்தோடு சேர்த்துப் படம் எடுப்பதாக ஏற்பாடு. இழை எடுத்துக்கொள்வதற்கு முன்பா, பின்பா என்று வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை. சின்னப் பிள்ளைகள் முன்பே எடுக்கச் சொல்கிறார்கள். அவர்களுக்கும் அந்தச் சுடர் மேல் பயம்.